வலி மாத்திரை வாங்கிப் போடாதே

அன்புள்ள தேவிக்கு,

பொங்கலுக்கு வந்தபோது முதுகு வலிக்கிறது என்றாய். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, போனும் குறைந்துவிட்டது. வேலை இருக்கும், சரி. வலி மாத்திரை மட்டும் நீயாக வாங்கிப் போடாதே.

அம்மாவுக்கு இந்த மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய், எப்படி வந்தது என்று கேட்டாய். அவள் பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றினேன். டாக்டர் படம் போட்டு விளக்கியதை எழுதுகிறேன். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று உண்டு. கிருமியை எதிர்க்கும் புரதம் செய்வது அதன் வேலை. அதில் ஒரே ஒரு செல் மரபணு பிசகிப் பெருகத் தொடங்குகிறது. பெருகியவை எல்லாம் ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. எந்தக் கிருமியையும் எதிர்க்க அது உதவாது. பல வருடம் வலியோ காய்ச்சலோ தெரியாது. அந்த நிலையில் இருக்கும் 100 பேரில் வருடத்துக்கு ஒருவருக்குத்தான் நோயாக முற்றுமாம். நாலு வருடம் முன்பு ஒன்பது படி கட்டிக் கொலு வைத்தாளே, அப்போதே உள்ளே இருந்திருக்கும்.

மஜ்ஜையில் அவை இடம் பிடிக்கப் பிடிக்க ரத்தம் ஊறுவது குறைகிறது. எலும்பு எந்நேரமும் ஒரு பக்கம் கரைந்து ஒரு பக்கம் கட்டப்படுமாம். இவை கரைப்பதைத் தூண்டி, கட்டுவதை அடக்கிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் மண்டை ஓட்டில் துளை துளையாக இருந்ததைப் பார்த்தேன். கரைந்த கால்சியம் ரத்தத்தில் ஏறியதால்தான் அந்த ஓயாத தாகம். நாம் சர்க்கரை என்று நினைத்தோம். அந்தப் புரதத்தின் ஒரு பகுதி சிறுநீரகத்தில் போய் அடைக்கும்.

எட்டு மாதம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வயசுத் தேய்மானம் என்று சொன்னது நான்தான். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வந்து, காலையும் இரவும் நானே தண்ணீரோடு கொடுத்தேன். ஏற்கெனவே அடைபட்ட சிறுநீரகத்துக்கு அது கேடு என்றார் டாக்டர். எவ்வளவு கேடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. சித்தப்பாவிடமும் சொல்லவில்லை.

பரிசோதனைக்கு நீ அனுப்பிய பணத்தை, என் மகள் அனுப்பியது என்று அங்கே எல்லோரிடமும் சொன்னேன். பணத்தோடு நீயும் வந்திருக்கலாம்.

தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். வந்தே தீரும் என்றில்லை. உன் வயசில் முதுகு வலிக்கு வேறு காரணம்தான் இருக்கும். இருந்தாலும் டாக்டரிடம் காட்டு. அதுவரை மாத்திரை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஊசி. எட்டரைக்குக் கிளம்புவோம். அதற்கு முன் கூப்பிட்டால் பேசுவாள். என்னோடு பேசாவிட்டாலும் சரி.

அப்பா