தம்ளரோடு வந்தவருக்கு

டெக்சாஸ் மாநிலத்து டெர்லிங்குவா ஊரின் தீயணைப்பு, அவசர மருத்துவப் பிரிவினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். அன்றிரவு அவருக்கு நெஞ்சு வலி வந்து நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். எங்கள் தமிழ் நண்பர்களுக்கும் சேதி போய்விட்டது. மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆங்கிலத்தில் தனிக் கடிதம் அனுப்பியாயிற்று. "நம் பாஷையிலும் ஒன்று எழுது" என்றார் அப்பா. எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்தால் முதலில் தம்ளர்தான் வருகிறது. இரவில் அப்பாவின் பல்செட் ஓர் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீருக்குள் கிடக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றிய அவசரத்தில் அது வாடகை வீட்டு ஜன்னலோரமே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் ஆல்பைனுக்கு 80 மைல். அங்கே கண் விழித்தவர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் என்ன கேட்டாலும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். பேச்சே போய்விட்டதோ என்று எங்களுக்குக் குலை நடுங்கியது. அந்நியர் முன்னால் பொக்கை வாயோடு பேசமாட்டேன் என்ற வீம்பு அது என்பது அம்மாவுக்குக்கூடச் சட்டென்று புரியவில்லை.

வீட்டைப் பூட்டுவதற்காகப் பின்தங்கி நின்ற பெண் தொண்டர் ஒருவர், விடியும் நேரத்தில் தன் சொந்த பிக்கப்பில் வந்து இறங்கினார். கையில் அந்தத் தம்ளர். தம்ளர் வாயில் அலுமினியத் தாள், அதன் மேல் ரப்பர் பேண்ட். உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது. 118ஆம் நெடுஞ்சாலையின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தை என்று புரியும். "கொட்டிவிட்டே கொண்டுவந்திருக்கலாமே" என்றேன். அவர் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். "இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன். தண்ணீரும் அதைச் சேர்ந்ததோ என்னவோ?"

பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுத்த அம்மாவின் பெயர் அது. பக்கத்தில் கல்யாண வருஷம், 1978. நான் சிரித்தேன், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பல வீடுகள் பிழைக்கிற ஊர் உங்களுடையது. ராமநாதபுரத்தில் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த அப்பா, வந்த அன்றே தொட்டியைத் தட்டிப் பார்த்து "முக்கால்வாசி இருக்கிறது" என்று கணக்குச் சொன்னார். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லையாம்.

நட்சத்திரம் பார்க்கத்தான் வந்தோம். தெருவிளக்கில்லாத அந்த இருட்டில், மண்பாதைத் திருப்பத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டிய பக்கத்து வீட்டுக்காரர், போனில் கடைசிவரை என்னைவிட்டு விலகாத குரல், வண்டிக்குள் அப்பாவின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கொடுத்த நர்ஸ், எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உங்கள் மாவட்டமான புரூஸ்டர் கவுண்டி 6,000 சதுர மைலுக்கும் மேல்; மக்கள் 10,000 பேர்கூட இல்லை. ஒரு வண்டி ஆல்பைன் போய்த் திரும்ப எப்படியும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் ஊரில் வேறு யாருக்காவது நெஞ்சு வலித்திருந்தால்? எங்களால் ஆனதை ஆண்டுதோறும் அனுப்புவோம். நானும் இந்த மாதமே முதலுதவி வகுப்பில் சேர்கிறேன். எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும் என்ற தைரியத்தில் இத்தனை நாள் சோம்பியிருந்தேன்.

பல்செட்டை மாட்டியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பெண் ஏதாவது சாப்பிட்டாளா?" இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அம்மா விடாமல் பின்னாலேயே ஓடி, நான் காலை மிதித்தும் கேட்காமல், அந்தத் தம்ளரையே அவர் கையில் திணித்துவிட்டார்.

அதில் தாராளமாகக் காபி குடிக்கலாம். வெந்நீரில் இரண்டு தரம் கழுவினால் போதும் என்கிறார் அம்மா.