பக்கம் எத்தனை என்று முதலில் கேள்

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
அக்டோபர் 2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவனை ஆஸ்டினில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருந்தாய். போன வருஷம் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பழகிவிடும். இங்கே எல்லோரும் நலம். அம்மா ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறக் கூடாதாம்.

நோட்டரி கமிஷன், அதாவது கையெழுத்துகளுக்கு அத்தாட்சி முத்திரை போட அரசு தரும் நியமனம், கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். நம்ம ஊரில் பொதுவாகப் பத்து ஆண்டு வக்கீலாக இருந்தால்தான் நோட்டரி ஆக முடியும் என்பதால் உன் மாமனார் குழம்பியிருப்பார், பாவம். பொறுமையாக எடுத்துச் சொல். அப்புறம் நீ கேட்ட கேள்வி. டெண்டனில் ஒரு ரீஃபைனான்ஸ் (பழைய வீட்டுக் கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது), அதற்கு நேரில் போய்க் கையெழுத்து வாங்கும் வேலை, 220 பக்கம், இரண்டு செட் பிரிண்ட், கையெழுத்தானதும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், கூலி 75 டாலர். "புதிதாக வருகிறவள்தானே, ஒத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். ஒத்துக்கொள்ளாதே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி வாராவாரம் உன்னிடம் வரப்போகிறது.

முதலில் கணக்கைப் பார். இரண்டு செட் என்றால் 440 தாள். ஒரு ரீம் பேப்பர் கிட்டத்தட்ட தீர்ந்தது. அதில் சில பக்கங்கள் நீளமான லீகல் சைஸில் வரும், அந்தத் தாளுக்கு விலை கூட. பேப்பர், டோனர் என்று 12 டாலர் வைத்துக்கொள். உன் ஊர் ஃப்ரிஸ்கோவிலிருந்து டெண்டனுக்குப் போக வர 50 மைல் என்றால், வருமான வரித்துறை 2025-ஆம் வருஷத்துக்கு ஒப்புக்கொண்ட மைலுக்கு 70 சென்ட் கணக்கில் காருக்கு 35 டாலர். மீதி 28. பிரிண்ட் போட்டுச் சரிபார்க்க, போக, உட்கார்ந்து கையெழுத்து வாங்க, திரும்ப, 220 பக்கத்தை ஸ்கேன் செய்ய, ஃபெடெக்ஸில் கொண்டுபோய்ப் போட, எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். மணிக்கு 7 டாலர். டெக்சஸில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட். நமக்கு முதலாளி கிடையாது என்பதால் அந்தச் சட்டம் நம்மைக் காப்பாற்றாது, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம் வேறு. (நோட்டரி முத்திரைக்கென்று வாங்கும் கட்டணத்துக்கு மட்டும் அந்த வரி இல்லை. பயணத்துக்கும் பிரிண்டுக்கும் உண்டு. அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுதி வை, உன் கணக்காளரிடமும் சொல்.)

முத்திரைக் கட்டணத்திலும் நம் இரண்டு மாநிலங்களுக்கும் நிறைய வித்தியாசம். இங்கே கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர் வரை வாங்கலாம். கணவன் மனைவி இரண்டு பேர், ஐந்து ஆவணங்களுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் (கையெழுத்து தன்னுடையதுதான் என்று நம் முன்னால் ஒப்புக்கொள்வது) என்றால் அதுவே 150 டாலர். உங்கள் டெக்சஸில் ஒவ்வொரு ஆவணத்திலும் முதல் கையெழுத்துக்கு 10, அடுத்ததற்கு 1. அதே வேலைக்கு 55 டாலர்தான். அதனால் உன் வருமானம் பெரும்பாலும் பயணம், பிரிண்ட், ஸ்கேன், நேரம் இவற்றுக்கு நீ கேட்கும் தொகையில்தான் இருக்கிறது. நீ கேட்காவிட்டால் யாரும் தாமாகக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு நெஞ்சில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. நாம் பிரிண்ட் எடுக்கிற கட்டிலேயே செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட், அதாவது கடனுக்கான செலவுக் கணக்கு, இருக்கிறது இல்லையா? அதில் நோட்டரி கட்டணம் என்று ஒரு வரி வரும். ஒரு தடவை அந்த வரியில் 200 டாலர் போட்டிருந்தது. எனக்கு சைனிங் சர்வீஸ் (நடுவில் இருந்து நோட்டரிகளுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம்) பேசியது 90. அந்த வீட்டு அம்மா அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இது உங்களுக்குத்தானே, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அன்பாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடன் வாங்குகிறவர் முன்னால் கூலிக் கணக்குப் பேசுவது முறையில்லை. ஆனால் அவருடைய பணம் பாதிக்கு மேல் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது. நடுவில் இருப்பவர்கள் ஆள் தேடுகிறார்கள், நேரம் ஒழுங்கு செய்கிறார்கள், தவறு நடந்தால் பதில் சொல்கிறார்கள். அதற்குக் கூலி வேண்டும்தான், மறுக்கவில்லை. பாதிக்கு மேல் என்பது நியாயமில்லை என்று மனதார நினைக்கிறேன். அதனால்தான் வீட்டின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனிகளிடமும், பணத்தையும் ஆவணங்களையும் நடுவில் வைத்துக் கொடுக்கல் வாங்கலை முடித்துக் கொடுக்கும் எஸ்க்ரோ ஆபீஸ்களிடமும் நேரடியாகப் போய் அறிமுகமாகு என்கிறேன். ஒரு எஸ்க்ரோ ஆபீசர் உன் வேலையைப் பார்த்து நம்பிவிட்டால், அடுத்த முறை உன் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

கூலி இப்படி இறங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் முப்பது வருஷக் கடனுக்கு வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது உனக்கு நினைவிருக்கும், நீங்களும் அப்போதுதானே மாற்றினீர்கள். ஊரே ரீஃபைனான்ஸ் செய்தது, நோட்டரிகள் பகலும் இரவும் ஓடினார்கள், புதிதாகவும் ஏராளமானவர்கள் வந்து சேர்ந்தார்கள். 2023 அக்டோபரில் அதே வட்டி எட்டைத் தொடப் போனது. 3 சதவீதக் கடன் வைத்திருப்பவர் எதற்கு மாற்றுவார்? வேலை வற்றியது, ஆட்கள் அப்படியே இருந்தார்கள். ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்தவர் கைபேசியில் அதே செய்தி போய் நிற்கும். எல்லோரும் சேர்ந்து இதற்குக் கீழே போக மாட்டோம் என்று முடிவெடுக்கலாமே என்று நீ கேட்பாய். நாம் ஒவ்வொருவரும் சட்டப்படி தனி வியாபாரி. தனி வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பது 1890-ஆம் வருஷத்து ஷெர்மன் சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் மறுப்பது என்றால் அவரவர் தனியாகத்தான் மறுக்க வேண்டும். தனியாகச் சொல்வதற்கு மனதில் துணிச்சல் வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பக்கம் எத்தனை என்று கேட்காமல் எதற்கும் சரி சொல்லாதே. எத்தனை செட், ஸ்கேன் உண்டா, எத்தனை இடத்தில் முத்திரை, எத்தனை பேர் கையெழுத்து என்று ஒரே மூச்சில் கேட்டுவிடு. கையெழுத்துப் போடுபவர் இரண்டு பேர்தான் என்று சொல்வார்கள், போய்ப் பார்த்தால் வீடு குடும்ப டிரஸ்டின் பெயரில் இருக்கும். இங்கே அது மிகச் சாதாரணம். ஒவ்வொருவரும் தனக்காக ஒரு முறை, டிரஸ்டியாக ஒரு முறை என்று போட்டுக்கொண்டே போவார்கள், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிடும். முதல் கடனும் அதோடு ஈக்விட்டி கடனும் (வீட்டில் நமக்குச் சேர்ந்திருக்கும் மதிப்பின் மேல் வாங்கும் கடன்) ஒரே மேசையில் என்றால் அது இரண்டு கட்டு, இரண்டு கட்டுக்கு உரிய கூலி கேள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வயதானவர்கள் மாதத் தவணை கட்டாமல் வீட்டின் மேல் வாங்கும் கடன்) என்றால் இன்னும் நிதானம் தேவை. எதிரே இருப்பவர் பெரும்பாலும் 62 வயதோ அதற்கு மேலோ ஆனவர், ஒவ்வொரு பக்கமும் நின்று படிப்பார். படிக்கட்டும், அது அவருடைய வீடு.

போன மாதம் மான்டிகாவில் ஒரு வேலை. 120 பக்கம் என்று பேசி 110 டாலருக்கு ஒத்துக்கொண்டேன். மாலை ஃபைல் வந்தபோது 260 பக்கம். போக வர 100 மைலுக்கு மேல். பிரிண்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொன்னேன்: "நீங்கள் சொன்ன அளவு வேறு, வந்திருப்பது வேறு. 175 என்றால் போகிறேன், இல்லையென்றால் இப்போதே வேறு ஆள் பாருங்கள்." இருபது நிமிஷத்தில் சரி என்று பதில் வந்தது, எழுத்தில். வாயால் சொல்வதை நம்பிக் கிளம்பாதே, புது உத்தரவில் தொகை மாறியிருக்கிறதா என்று பார். பிரிண்ட் போட்ட பிறகு கேட்டால் உன் பேச்சு எடுபடாது.

இதையே மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். இப்போது ஹைப்ரிட் வேலைகள் வருகின்றன. பெரும்பாலானவற்றைக் கடன் வாங்குபவர் கணினியிலேயே கையெழுத்திட்டுவிடுவார், நமக்கு முப்பது பக்கம்தான், பக்கத்து ஊர்தான். அதற்கு 90 டாலர் கொடுத்தால் நான் மகிழ்ச்சியாகப் போகிறேன். கூலி வேலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு, எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய தொகை இல்லை.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதே. கையெழுத்தானால்தான் கூலி, இல்லையென்றால் கிடையாது என்று நிபந்தனை போடுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே உன் பிழைப்பு கடன் வாங்குபவரின் கையெழுத்தில் தொங்குகிறது. வட்டி பேசியபடி இல்லை என்று ஒரு தம்பதி பேனாவை வைத்துவிட்டால், நீ மறுபேச்சின்றிப் பையை மூடிக்கொண்டு வர முடிய வேண்டும். நடுநிலை இல்லாத நோட்டரி எதற்கு? பிரிண்ட் செலவும் பயணக் கூலியும் எப்படியும் உண்டு என்று முன்கூட்டியே எழுதி வாங்கு. 75 டாலருக்கு ஓடுகிறவள் அன்றைக்கே இன்னும் மூன்று வீடு போக வேண்டியிருக்கும். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கங்களைத் தள்ளினால், கடனை ரத்து செய்ய மூன்று வேலை நாள் அவகாசம் இருக்கிறது என்ற தாள்கூட அந்த வீட்டுக்காரர் கண்ணில் படாமல் போகும். குறைந்த கூலியால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை வசந்தி.

உங்கள் மாநிலத்து விதி ஒன்று, மறந்துவிடாதே. வீட்டின் மேல் பணமாக எடுக்கும் ஈக்விட்டி கடன் என்றால், கடன் கொடுப்பவர், வக்கீல் அல்லது டைட்டில் கம்பெனியின் ஆபீசில்தான் கையெழுத்து வாங்க வேண்டும். டெக்சஸ் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குப் போ என்று யார் அனுப்பினாலும் போகாதே.

டெண்டன்காரர்களுக்கு 160 என்று எழுதிப் பார். நான் கேட்டால் அதைத்தான் கேட்பேன். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது. பிரிண்டர் வாங்கும்போது இரண்டு டிரே உள்ள லேசராகப் பார்த்து வாங்கு, லெட்டரும் லீகலும் மாற்றி மாற்றி வைப்பதிலேயே நேரம் போய்விடும். டிசம்பர் கடைசி வாரம் டாலஸ் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா உனக்கென்று பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கொண்டுவருகிறேன். உன் வீட்டுக்காரருக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

உன்,
சாந்தி