ராகத்துக்கு இத்தனை புத்தகம், கைக்கு ஒன்றுகூட இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மார்கழி இசை விழாவையொட்டி, படிக்க வேண்டிய இசை நூல்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். மொத்தம் இருபது. எண்ணிப் பார்த்தேன், வித்வான்களின் வாழ்க்கை வரலாறு ஒன்பது, சுரப்படுத்திய கீர்த்தனைகள் ஐந்து, ராக லட்சணம் நாலு, சபாக்களின் கதை இரண்டு. பட்டியலைக் குறை சொல்ல வரவில்லை, அதில் பாதி என் அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் பாடுகிறவரின் தொண்டை, வாசிக்கிறவரின் மணிக்கட்டு, ஆடுகிறவரின் முழங்கால் இதைப் பற்றி ஒரு புத்தகமும் அதில் இல்லை. உங்கள் மேல் தப்பில்லை, நானும் கும்பகோணத்திலிருந்து சென்னை புத்தகக் கண்காட்சி வரைக்கும் தேடிவிட்டேன். கடைக்காரர் யோகாசனப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார்.

நான் முப்பது வருஷமாக வயலின் சொல்லிக் கொடுப்பவள். எனக்கு 34 வயதில் இடது முன்கையில் ஒரு வலி ஆரம்பித்தது. முதலில் வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிக்கும்போது மட்டும் இருந்தது, அப்புறம் தோசை திருப்பும்போதும் வந்தது. மோதிர விரல் நினைத்த இடத்தில் விழவில்லை. வாத்தியாரிடம் சொன்னேன். "சாதகம் குறைஞ்சிருக்கும், தினம் ஒரு மணி நேரம் கூட்டிக்கோ" என்றார். கூட்டினேன், வலியும் கூடியது. அம்மா, கச்சேரியில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்டார், ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே வலது காலை நீட்டி, வயலின் தலையைக் கணுக்கால் பக்கம் வைப்பதுபோல் காட்டினேன். "கீழே உட்கார்ந்தா வாசிப்பீங்க?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, ஆறு மாதம் வயலினைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாத்தியாருக்கு வயலின் தெரியும், டாக்டருக்குக் கை தெரியும், இரண்டும் சேர்ந்த இடம்தான் எனக்கு வலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆறு மாதத்தில் அமெரிக்காவில் இருந்து வந்த அக்கா மகன் ஒரு புத்தகம் கொண்டுவந்தான். பார்பரா கோனபிள் என்பவர் எழுதியது, இசைக்காரர் ஒவ்வொருவரும் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதுதான் தலைப்பே. அதன் அடிப்படைக் கருத்து வில்லியம் கோனபிள் என்பவருடையது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல்லோ பேராசிரியராக இருந்தவர், 1970களில் தன் மாணவர்களைக் கவனித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கை உண்மையில் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படி யாரும் அதை அசைப்பதில்லை, எப்படி அமைந்திருக்கிறது என்று நினைக்கிறார்களோ அப்படித்தான் அசைக்கிறார்கள். மனசுக்குள் இருக்கும் படம் தப்பாக இருந்தால் அசைவும் தப்பாகத்தான் வரும். படித்தபோது இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆறு மாதம் முடிந்து வகுப்பைத் திரும்ப ஆரம்பித்த அன்று பதினொரு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வில்லைப் பிடித்தால் தோள் காதுவரை ஏறும், நூறு தடவை சொல்லியும் இறங்காத தோள். "உன் கை எங்கேருந்து ஆரம்பிக்குது, தொட்டுக் காட்டு" என்றேன். தோள் முனையைத் தொட்டாள். நானாக இருந்தாலும் அங்கேதான் தொட்டிருப்பேன். அவள் விரலைப் பிடித்துக் கழுத்துக் குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் வைத்தேன். கை மொத்தமும் உடம்போடு எலும்பாக இணைவது அந்த ஒரே மூட்டில்தான். விரலை எடுக்காமல் கையைத் தூக்கச் சொன்னேன். விரலுக்கடியில் எலும்பு உருண்டதும் சிரித்துவிட்டாள், "ஐயோ டீச்சர், இங்கே அசையுது." அன்று அவள் வில் இழுத்தபோது தோளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. முழுசாக இறங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பாதி இறங்கியது. மீதி இறங்க இரண்டு மாதம் ஆயிற்று.

இன்னொன்று, இதைப் படிக்கிறவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். வலது கையால் இடது முன்கையை, முழங்கைக்கு நாலு விரல் கீழே, லேசாகப் பிடித்துக்கொண்டு இடது விரல்களை மட்டும் ஆட்டுங்கள். உள்ளே கயிறு கயிறாக ஏதோ ஓடும். விரலை மடக்கும் தசை விரலில் கிடையாது, பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, சின்னது சில உள்ளங்கையில் இருக்கின்றன. முன்கையிலிருந்து வரும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து வழியாகத்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை அதிகமாக மடக்கிக்கொண்டே வாசித்தால் அந்தச் சந்தில் நெருக்கடி. அதுவரைக்கும் வகுப்பில் விரலைப் பார், விரலைப் பார் என்று கத்தியவள் நான். வலி விரலில் இல்லாமல் முன்கையில் ஏன் வந்தது என்பது அந்தப் புத்தகத்தைப் படித்த அன்றைக்குத்தான் புரிந்தது. என் இடது மணிக்கட்டு கழுத்துப் பலகைக்கு அடியில் ஒடிந்து தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது, என் வாத்தியாருக்கும் அப்படித்தான், அவரைப் பார்த்து எனக்கும் வந்திருக்கிறது.

பாடுகிறவர்கள் கதை இதைவிடச் சுவாரசியம். ஐந்து கட்டை சுருதியில் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தை, அதாவது நடு 'ஸ'வை, பிடித்தால் அவள் குரல்நாண்கள் நொடிக்கு 196 தடவை சேர்ந்து பிரிகின்றன, தாரஸ்தாயி ஸட்ஜத்தில், மேல் 'ஸ'வில், 392. ஒன்றரை செண்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மடிப்புகள் செய்யும் வேலை இது. சளியோடு மூன்று மணி நேரம் கச்சேரி பண்ணிவிட்டு மறுநாள் குரல் கம்மிவிட்டதே என்று கஷாயம் குடிக்கிறோம். சரி, கஷாயம் குடிக்கலாம், அதோடு இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டால் நல்லது. அப்புறம் "வயித்துலேருந்து பாடு" என்று எல்லோரும் சொல்கிறோம். தியாகராஜர் சோபில்லு ஸப்தஸ்வரவில் நாபி, ஹிருதயம், கண்டம் என்று வரிசையாகச் சொல்கிறார், அது அனுபவம், உபாசனை, அதில் கை வைக்க நான் யார்? ஆனால் எட்டு வயசுக் குழந்தை அதைக் கேட்டுவிட்டுக் காற்று வயிற்றுக்குள் போவதாக நினைத்து வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொள்கிறது. நுரையீரலின் மேல்நுனி காறை எலும்புக்கும் சற்று மேலே இருக்கிறது, அடியில் உதரவிதானம் கீழே இறங்குவதால் வயிறு தானாக முன்னே வருகிறது, வயிற்றை இறுக்கினால் அது இறங்க இடம் ஏது என்று இரண்டு வரி சொன்னால் போதும்.

பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் என்று ஒருவர், 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் ஷேக்ஸ்பியர் வசனம் ஒப்பிப்பதுதான் தொழில். மேடை ஏறினால் குரல் கட்டிக்கொள்ளும், ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி ஏறினால் மறுபடி கட்டும். வைத்தியத்தால் தீரவில்லை என்றதும் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே பார்க்க ஆரம்பித்தார். பேச வாய் திறக்கும் முன்பே தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அழுத்தி, சத்தமாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். ஆலாபனை தொடங்கும் நொடியில் நம் பாடகர்கள் பலர் செய்வது இதேதான், யூடியூபில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவர் பெயரில் உள்ள பயிற்சி இப்போது லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பாடமாக இருக்கிறது. எல்லா நோயும் இதில் தீரும் என்று பேசுகிற சிலரும் அந்தப் பக்கம் உண்டு, அதை நான் நம்புவதில்லை. இரவில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்றால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, இங்கிலீஷில்தான் இருக்கிறதே, மொழிபெயர்த்துவிடலாமே என்பார்கள். அது போதாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தப் புத்தகங்களில் வயலின் என்றால் மோவாய்க்கட்டைப் பிடிமானத்துக்கும் தோள் தாங்கிக்கும் பக்கம் பக்கமாகப் போகும். நமக்கு அதனால் என்ன பிரயோஜனம்? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்திலேயே நம்மிடம் வந்த வாத்தியம் இது, நாம் அதைத் தரைக்கு இறக்கி, காலில் சாய்த்து, இடது கையை விடுவித்து, அந்தச் சுதந்திரத்தில்தான் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் இத்தனை கமகமும் வாசிக்கிறோம். அதற்குக் கொடுக்கிற விலை இடுப்பிலும் முதுகிலும். மூன்று மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவதைப் பற்றி நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்? இடுப்பு மூட்டு நாம் நினைப்பதைவிடக் கீழே, தொடை மடங்கும் இடத்தில் இருக்கிறது. அது இறுகியவர்கள் தரையில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன் விழும், மூச்சு குறையும். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் பின்பக்கம் மட்டும் போட்டுக்கொண்டால் பாதிப் பேருக்கு முதுகு நிமிர்கிறது. என் வகுப்பில் இப்போது மடித்த துண்டு இல்லாமல் யாரும் உட்காருவதில்லை, பெற்றோர் சிலர் மூல வியாதி போலிருக்கிறது என்று நினைத்து என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்!

பரதநாட்டியத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியும் இப்படித்தான். கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. அங்கே திரும்பாததைப் பாதத்தைப் பிடித்துத் திருப்பினால் நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால்தான் கட்டணம் கட்டும், அதுவும் சிமெண்டுத் தரையில். தவில்காரரின் தோள்வார், நாகஸ்வரக்காரரின் உதடும் கன்னமும், மிருதங்கக்காரரின் தொப்பி என்கிற இடது பக்கத்து மணிக்கட்டு, இதெல்லாம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கும்?

வெளிநாட்டில் இந்த விஷயத்தை மூடி வைப்பதும் ஓரளவு நின்றுவிட்டது. லியோன் ஃப்ளைஷர் என்ற பெரிய பியானோ வித்வானுக்கு 1960களின் நடுவில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தானாக உள்ளே மடங்கிக்கொண்டன. முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இடது கைக்கென்று எழுதிய இசையையே வாசித்தார், அதை வெளிப்படையாகப் பேசவும் செய்தார். 1980களில் அமெரிக்க சிம்பனி குழுக்களில் 2,200 பேருக்கு மேல் கேட்டபோது, வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதாவது ஓர் உடல் தொந்தரவு இருக்கிறது என்று நூற்றுக்கு 76 பேர் சொன்னார்கள். இங்கே யாராவது கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருக்க மாட்டோம். கை சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அடுத்த சீசனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க யார் கூப்பிடுவார்கள்? நானே அந்த ஆறு மாதத்துக்கு, நாத்தனார் பிரசவத்துக்காகப் பெங்களூர் போகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மேடை அளக்கும் கோலுக்கே இருபத்து நாலு விரல் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. ஆடலாசான், பாடுகிறவர், தண்ணுமைக்காரர், குழல்காரர், யாழ்க்காரர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற வரிசையும் அங்கே இருக்கிறது. அந்த மாதிரி ஒன்றைத்தான் கேட்கிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு இருக்கிறது. ஏழுக்கும் ஏழு அத்தியாயம், முன்னால் எலும்பு, மூட்டு, மூச்சு பற்றிப் பொதுவாக ஓர் அத்தியாயம். ஒரு பிசியோதெரபிஸ்டும் அந்தந்த வாத்தியக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும், தனித்தனியாக எழுதி ஒட்டினால் என் டாக்டரும் என் வாத்தியாரும் மாதிரிதான் ஆகும். படங்கள் முக்கியம், அதுவும் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் படங்கள். வார்த்தைக்குப் பஞ்சமில்லை, உதரவிதானம், குரல்வளை எல்லாம் பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் போடலாம், இல்லாவிட்டால் ஜனவரிக் கண்காட்சிக்குப் புதுசு தேடும் பதிப்பகம் எதுவும் போடலாம், முதல் பிரதிகள் இருபதை நானே வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் வாத்தியாரைப் பார்க்கப் போயிருந்தேன். 81 வயது, வாசிப்பதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. பேச்சுவாக்கில் அக்கா மகன் கொண்டுவந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன், கோபப்படுவார் என்று நினைத்தேன். காபி டம்ளரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிவிட்டு, இடது கட்டை விரலை என் பக்கம் நீட்டினார். அடி மூட்டு புடைத்திருந்தது. "இதைப் பத்தி அதுல என்ன போட்டிருக்கான், பாத்துச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வயலின் ஆசிரியை,
கும்பகோணம்.