வெயில் திறக்கும் துருசு

முரசுமோட்டை
29.06.2025

அன்பு மச்சான் குமார்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. சுவிஸ் மலையில் உறைந்து கிடக்கும் ரோன் பனியாற்றை வெள்ளைத் துணியால் மூடிவைத்திருக்கும் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "ஆரடா செத்தது?" என்று கேட்டா. எனக்கு வந்த நினைவு வேறு. முல்லைத்தீவுக் கரையில் மீன் வாடிக்கு ஐஸ்கட்டி வந்து இறங்கியதும் சாக்கைப் போட்டு மூடுவார்களே, அதுதான். மூடினாலும் அடியில் தண்ணீர் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். கரைவது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

நாங்கள் படித்த காலத்தில் கரண்ட் இல்லாத வன்னியில் ஐஸ்பழம் கண்டாலே பெருநாள். பனி என்றால் மார்கழி விடியலில் நெல் நுனியில் நிற்கும் துளி. நீயோ மலையளவு பனிக்கட்டியைப் பற்றி எழுதுகிறாய். 2022, 2023 இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டதாம். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் இரணைமடுக் குளம்தான் கண்ணுக்குள் வந்தது.

யோசித்துப் பார். பனியாறு மாரியில் விழுவதைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. குளம் செய்யும் வேலையும் அதுதானே? அங்கே அணைக்கட்டும் இல்லை, தண்ணீரைத் திறந்துவிடும் துருசும் இல்லை. வெயில்தான் துருசைத் திறக்கிறது. இங்கே கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கர்தான் என்று சண்டை பிடித்தாவது முடிவெடுக்கிறோம். வெயிலோடு யார் கூட்டம் வைப்பது? பனி வேகமாகக் கரையும் முதல் வருடங்களில் ஆறு நிறைந்து ஓடும். சனமும் சந்தோஷப்படும். துருசை முழுக்கத் திறந்தால் முதல் கிழமை கடைசி வாய்க்காலுக்கும் தண்ணீர் போகும்தான். பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வரும்போது குளம் வறண்டு வெடித்துக் கிடந்தால்தான் விளங்கும். பனி கரைந்தால் கடல் ஏறும் என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனால் தண்ணீர் வர வேண்டிய நேரத்தில் வராமல் போவதுதான் வயல்காரனான எனக்குப் பெரிய பயம்.

சுவிஸின் பிளாட்டன் கிராமத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மேலே மலை உடைந்து, கல்லெல்லாம் பனியாற்றின் முதுகில் ஏறி, மே 28 அன்று எல்லாம் சேர்ந்து ஊரின் மேல் விழுந்திருக்கிறது. கிட்டத்தட்ட 300 சனத்தை முன்கூட்டியே கிளப்பியிருந்தார்கள். நடக்க முடியாத பசுவைக்கூட ஹெலியில் தூக்கினார்களாம். ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்த எங்களுக்கு இது கதை மாதிரி இருக்கிறது! ஆனால் கையில் கிடைத்ததோடு இடம்பெயர்ந்துபோய், பிறகு ஊர் எங்கே கிடந்தது என்று தேடும் அந்தச் சனத்தின் முகம் எனக்குத் தெரிந்த முகம்.

இன்னொன்று. மாரியில் நந்திக்கடல் கரையில் சேற்றைக் கொத்தித் திரியும் சின்ன உள்ளான் பறவைகள் நினைவிருக்கிறதா? சித்திரை மட்டில் போய்விடும். அவற்றில் சில இனங்கள் ஆர்க்டிக் வரை பறந்துபோய்த்தான் முட்டையிடுகின்றன. அங்கே பனி உருகியதும் பூச்சிகள் கிளம்பும். அந்த நேரத்தில்தான் குஞ்சு பொரிக்க வேண்டும். பனி முந்தி உருகினால் பூச்சியும் முந்திவிடும். குஞ்சு பிந்தி வந்து வாயைத் திறந்தால் தீன் இருக்காது. இதெல்லாம் தெரியாமல் சின்ன வயதில் அவற்றுக்குக் கல்லெறிந்திருக்கிறோம், பாவம்.

சரி, இனி எழும்ப வேண்டும். சோளகக் காற்று ஊதி வரம்பெல்லாம் காய்ந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு எங்கள் வாய்க்காலுக்கு முறை. நான் பிந்திப் போனால் மேல்காணிக்காரர் தன் வாய்க்காலை அடைக்க மறந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் மறந்துதான் விடுகிறார்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன்
ரவி