செயலாளர் சோம்பேறி இல்லை, பக்கம்தான் பூட்டிக் கிடக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் கோலாலம்பூர் வாசகர் ஒருவர் நம் ஆலயங்கள், தமிழ்ப்பள்ளிகள், சங்கங்கள் ஆகியவை இணையத்தில் வைத்திருக்கும் அகப்பக்கங்களைப் பற்றி எழுதியிருந்தார். தீபாவளி வந்த பிறகும் முகப்பில் தைப்பூச அறிவிப்பே தொங்குகிறது, செயலவையினரின் சோம்பேறித்தனமே இதற்குக் காரணம், தமிழுக்கு இன்னும் சரியான தொழில்நுட்பம் வராததும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். தைப்பூச அறிவிப்பு தொங்குவது உண்மை. மற்ற இரண்டையும் ஏற்க முடியவில்லை.

நான் ஜார்ஜ்டவுனில் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்தோம், பிறகு பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறினோம். இப்போது கல்யாணப் பத்திரிகை, உபயப் பட்டியல், கருமக்கிரியை அட்டை இவற்றோடு அகப்பக்கம் போட்டுத் தருவதும் பிழைப்பில் ஒரு பகுதி. பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்கிற அகப்பக்க மென்பொருளில்தான். யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போனதைச் சரிசெய்து தரச் சொல்லி வருகிறவர்களே அதிகம் என்பதால், இந்தப் பக்கங்களை உள்ளே போய்ப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைக்கிறது. பார்த்தவரையில், செயலாளர் கை வைக்கவே முடியாதபடிதான் பக்கங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

செபராங் பிறையில் ஓர் ஆலயம். பெயர் வேண்டாம். முகப்பில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அத்தனையும் சுவரொட்டி. பூசை நேரம், அன்னதான உபயம், திருப்பணி நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாமே படத்துக்குள் இருக்கின்றன. ஏ3 தாளுக்கு வரைந்த சுவரொட்டி கைப்பேசியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. விரலால் பெரிதாக்கிக் கணக்கு எண்ணின் பாதியைப் படிப்பதற்குள் அடுத்த படம் வந்து நிற்கிறது. எண்ணைத் தொட்டு நகலெடுக்கவும் வழியில்லை. பார்வையற்ற பக்தர் ஒருவர் கைப்பேசியின் குரல் வாசிப்பை நம்பித் திறந்தால், படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதப்படாததால், அது ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கிக் கோப்பின் பெயரை எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டு போகும். பூசை நேரம் அரை மணி மாறினால் செயலாளர் என்ன செய்வார்? சுவரொட்டி வரைந்த பையனைத் தேட வேண்டும். அவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பான். உடனே என் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) ஒரு செய்தி வரும்: “அக்கா, புது போஸ்டர் அனுப்பியிருக்கேன், அப்படியே மேல போட்டுடுங்க.”

ட்ரூபல் 2001-லும், வேர்ட்பிரஸ் 2003-லும், ஜூம்லா 2005-லும் என்று இந்த வகை மென்பொருள்கள் வந்தது இந்த ‘அப்படியே மேல போடுற’ வேலையை ஒழிக்கத்தான். எழுத்து ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் தீம் என்கிற வேறோர் இடத்தில் இருக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் இரண்டும் சேரும். ஆகவே நேரத்தை மாற்றுகிறவருக்கு வண்ணத்தைப் பற்றிய கவலை வேண்டாம், வண்ணத்தை மாற்றுகிறவர் நேரத்தைத் தொட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டால் அதன் கதை முடிந்தது. அகப்பக்கத்தின் கதை போட்ட அன்றைக்குத்தான் தொடங்குகிறது. நம் செயலவைகள் இதைப் பத்திரிகை மாதிரியே நினைத்து, தலைவர் படம் எந்த மூலையில் என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசுகின்றன. அடுத்த மாதம் இதில் யார், எதை, எங்கே தட்டச்சு செய்வார் என்று கேட்க ஆள் இல்லை.

பக்க அமைப்பு தொடங்க வேண்டியதே அந்தக் கேள்வியில்தான். ஓர் ஆலயத்துக்கு அடிக்கடி மாறுகிற செய்தி எது? திருவிழா. அப்படியானால் திருவிழாவுக்கென்று தனி உள்ளடக்க வகை ஒன்றை உருவாக்கி, அதில் பெயர், நாள், தொடங்கும் நேரம், இடம், உபயதாரர், தொடர்பு எண் என்று கட்டம் கட்டமாக வைத்துவிட வேண்டும். ட்ரூபலில் இது அடிப்படை வசதி. ஜூம்லாவில் கூடுதல் கட்டங்கள் 2017-ல் வெளியான 3.7 பதிப்பிலிருந்து உண்டு. வேர்ட்பிரஸில் பிளக்இன் என்கிற துணை மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். செயலாளர் கட்டங்களை நிரப்பினால், முகப்பில் எங்கே வரவேண்டும், எந்த அளவில் வரவேண்டும் என்பதை டெம்ப்ளேட் என்கிற பக்க வார்ப்பு பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். வேர்ட்பிரஸ் வலைப்பதிவுக்காகப் பிறந்த மென்பொருள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எதையும் பதிவேற்றிய தேதிப்படியே அடுக்கும். தைப்பூசத்தை செப்டம்பரிலேயே ஏற்றிவிட்ட சுறுசுறுப்பான செயலாளருக்கு என்ன கிடைக்கும்? நவம்பரில் ஏற்றிய சாதாரணக் கூட்ட அறிவிப்பு மேலே நிற்கும், தைப்பூசம் கீழே போய்விடும். பட்டியலைத் திருவிழா நாள் என்கிற கட்டத்தின்படி அடுக்கு, அந்த நாள் கடந்துவிட்டதை முகப்பில் காட்டாதே என்று, தரவுத்தளத்திடம் பட்டியல் கேட்கிற வினவலில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். முடிந்த திருவிழா தானாகவே இறங்கிப் பழைய நிகழ்ச்சிகளுக்குப் போய்விடும். கோலாலம்பூர் வாசகருக்கு எரிச்சலூட்டிய தைப்பூச அறிவிப்பை இறக்கச் செயலாளர் வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. பக்கத்தை அமைத்தவர் அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆனால் பக்கத்தை அமைக்கிறவர்கள் இழுத்துப் போட்டு அடுக்குகிற பிளக்இன்களிடம் போய்விடுகிறார்கள். கூட்டத்தில் காட்டினால் கைத்தட்டல் கிடைக்கும், எழுத்து பறந்து வரும், படம் சுழலும். குறையாகச் சொல்லவில்லை, அவசரத்துக்கு ஒரே ஒரு பக்கம் போட நானும் பயன்படுத்துகிறேன். முழுத் தளத்தையும் அதிலேயே கட்டிவிட்டால்தான் வம்பு. பூசை நேரம் ஒரு பெட்டிக்குள், அது ஒரு பத்திக்குள், அது இன்னொரு வரிசைக்குள் என்று புதைந்து கிடக்கும். செயலாளர் ஒரு எண்ணைத் திருத்தப் போய் பெட்டியையே இழுத்துவிட்டால் பக்கம் சரிந்துவிடும். அதன் பிறகு பயத்தில் அந்தப் பக்கமே வரமாட்டார். சந்தாவைப் புதுப்பிக்காமல் ஒருநாள் பிளக்இன்னை நிறுத்தினால் இன்னொரு வேடிக்கை. பழைய ரகப் பிளக்இன்கள் சில, சதுர அடைப்புக்குறிகளுக்குள் தங்கள் குறியீடுகளைப் பக்கம் முழுக்க இறைத்துவிட்டுப் போகும். ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் வாழ்த்துரையை அந்தக் குப்பையிலிருந்து வாக்கியம் வாக்கியமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்ததிலிருந்து பத்தி, படம், அட்டவணை எல்லாம் பிளாக்குகள் என்கிற தனித்தனித் துண்டுகளாகிவிட்டன. நிறைய வேலைக்கு வெளிப் பிளக்இன்னே தேவையில்லை. 2022-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து பிளாக்கை நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி பூட்டி வைக்கலாம். சட்டத்தைப் பூட்டி, உள்ளே எழுத்தை மட்டும் திறந்து வையுங்கள். ஆலய நேரம், முகவரி போன்றவற்றை ஒரே இடத்தில் இணைந்த வடிவமாக (சிங்க்டு பேட்டர்ன்) வைத்துவிட்டால், அங்கே திருத்தியது முகப்பிலும் தொடர்புப் பக்கத்திலும் பக்கங்களின் அடிப்பகுதியிலும் ஒருசேர மாறும். செயலாளருக்கு நிர்வாகி உரிமை கொடுக்காமல் எடிட்டர் உரிமை கொடுங்கள். தீம் பக்கம் அவர் கை போகாது, அவருக்கும் நிம்மதி.

கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தை மூன்று நெடும்பத்தியாகப் பிரித்தால் கணினியில் பார்க்க அழகாக இருக்கும்: இடப்பக்கம் தலைவர் உரை, நடுவில் தல வரலாறு, வலப்பக்கம் பூசை நேரமும் வழிகாட்டியும். வேர்ட்பிரஸின் நெடும்பத்தி பிளாக் (காலம்ஸ்), திரை 782 பிக்சலுக்குக் கீழே போனால் இவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும், இடமிருந்து வலமாக இருக்கிற அதே வரிசையில். பட்டர்வொர்த்திலிருந்து படகில் வந்து இறங்கி, நடை சாத்திவிட்டார்களா என்று பார்க்கிறவர் முதலில் தலைவர் படத்தையும் முழு உரையையும் தாண்ட வேண்டும், அதன்பின் தல வரலாறு முழுவதையும் உருட்ட வேண்டும். நேரத்தை முதல் பத்தியில் வைக்கச் சொன்னால் செயலவையில் சண்டை வருகிறது. சண்டை போட்டாவது வைக்கலாம்.

இனி, தமிழுக்குத் தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு. முரசு அஞ்சல் என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை முத்து நெடுமாறன் உருவாக்கியது இந்த மலேசிய நாட்டில். 2001-லேயே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. தொழில்நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் செய்த தீமை வாங்கி, தமிழைப் போட்டுப் பார்க்காமலே கையில் கொடுப்பதுதான் கோளாறு.

அந்தக் கோளாறு எப்படியெல்லாம் தலைகாட்டும் என்பதை என் மேசையில் தினமும் பார்க்கிறேன். ஆங்கிலத் தீம்களில் தலைப்பு வரிகளுக்கு இடையே இடைவெளி மிகக் குறைவு. தமிழில் மேல்வரியின் ‘ழு’, ‘து’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’, ‘தி’ மேலே ஏறும், இரண்டும் இடித்துக்கொள்ளும். தலைப்புக்குக் குறைந்தது எழுத்தளவில் ஒன்றரை மடங்கு, உடலெழுத்துக்கு இன்னும் சற்றுக் கூடுதல் வரி உயரம் வைத்தால் கண் உறுத்தாது. தீமில் இருக்கும் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இருக்காது, உலாவி தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றை எடுத்துப் போடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றி, பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் எல்லாக் கருவியிலும் ஒரே முகம் தெரியும்.

முகப்பில் செய்திச் சுருக்கம் காட்டும் கட்டங்களில் கடைசி எழுத்தாகக் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தீம் எழுதியவர் சுருக்கத்தை எழுத்துக் கணக்கில் வெட்டாமல், கணினியின் சேமிப்பு அலகான பைட் கணக்கில் வெட்டியதன் விளைவு அது. எழுத்தைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும்; ‘தி’ என்பதில் ‘த’ ஒரு குறி, இகரம் இன்னொரு குறி. சொல்லிடைவெளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 100 பைட்டில் வெட்டினால் 33 குறிகள் முழுசாக வரும், 34-வது குறி மூன்றில் ஒரு பங்கோடு அறுபடும். குறிக் கணக்கில் வெட்டினாலும் ‘திருமுறை’ சில சமயம் ‘திருமுற’ என்று நிற்கும், ஐகாரம் தனிக் குறி என்பதால். சொல் முடிகிற இடத்தில் வெட்டச் சொல்வதே சரி.

பக்கத்தின் இணைய முகவரியும் அப்படித்தான். தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே பக்கத்தின் முகவரியாக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே %, எண், ரோமன் எழுத்து என்று 9 இடம் பிடிக்கும், மொத்தம் இருப்பது 200 இடம். ‘தைப்பூசத் திருவிழா அன்னதான உபயம்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘தைப்பூசத்-திருவிழா-அன்னத’ என்பதோடு நின்றுவிடும். புலனத்தில் பகிர்ந்தால் பல வரிக்குச் சதவீதக் குறிகளாக நீளும், வயதானவர்கள் வைரஸ் என்று பயந்து திறக்கமாட்டார்கள். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கைப்படக் கொடுத்துவிடலாம். தமிழ்ப்பற்று அங்கே குறைந்துபோகாது.

அச்சுக் கோத்தவள் என்பதால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. நாளிதழின் குறுகிய பத்தியில் ‘அறிவிக்கப்பட்டிருக்கின்றது’ போன்ற சொல் வந்தால், நாங்கள் வரி முடிகிற இடத்தில் எழுத்தெண்ணி உடைத்து, மீதியைக் கோடுகூடப் போடாமல் அடுத்த வரிக்கு இறக்கிவிடுவோம். உலாவி தானாக உடைக்காது. இருபக்கமும் நேராக்கச் சொல்லிவிட்டால் இரண்டே சொற்களை வரியின் இரண்டு கோடியில் நிறுத்தி நடுவில் பெரிய பள்ளம் விடும். பெரிய தலைப்பாக இருந்தால் சொல் திரைக்கு வெளியே போய்விடும். அகப்பக்கத்தில் இடப்பக்கம் மட்டும் நேராக்கி, கைப்பேசியில் தலைப்பு அளவைக் குறைத்து, நீண்ட சொல்லை உடைக்க அனுமதிக்கும் ஒரு வரியைத் தோற்றத்துக்கான குறிமுறையில் (சிஎஸ்எஸ்) சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

செயலவையினர் இதையெல்லாம் படித்துத் தேற வேண்டும் என்று சொல்லவில்லை. பணம் கொடுப்பதற்கு முன், செய்து தருகிறவரை எதிரே உட்கார வைத்து, செயலாளரின் சொந்தக் கைப்பேசியில் ஒரு திருவிழாவை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். தேதியை நேற்றைக்கு மாற்றினால் முகப்பிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். தளப் பெயரும் கடவுச்சொல்லும் சங்கத்தின் பெயரில் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், இதில் ஏமாந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர் தயங்கினால் காசோலையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் அகப்பக்கத்தில் வாசகர் கடிதப் பகுதி முழுப் பக்கப் படமாகவே ஏற்றப்படுகிறது. இக்கடிதத்தைப் பிரசுரிப்பதானால் எழுத்தாக ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு