தோல்வி அறிக்கைகள் மக்கள் முன் வர வேண்டும்: இஸ்ரோ தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இஸ்ரோ தலைவர் முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்ப்பவன். ராக்கெட் மீதுள்ள பற்று அந்த வேலையைவிட மூத்தது. 1993 செப்டம்பர் 20 அன்று பிஎஸ்எல்வி முதன்முறையாக ஏவப்பட்டுத் தோற்ற செய்தியை மாணவப் பருவத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அன்றிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் அந்த நோட்டில் ஒரு வரி உண்டு. தேதி, ராக்கெட், அது சுமந்து சென்ற கலம், முடிவு என நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறேன். தோல்வி என்றால் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேரும்: காரணம்.

குமரி மாவட்டத்திலிருந்து புறப்பட்டு இந்த நாட்டின் விண்வெளித் துறைக்கே தலைமை ஏற்றிருக்கிறீர்கள் என்பதால், என் கோரிக்கையை நம் மொழியிலேயே முன்வைக்கிறேன். பிஎஸ்எல்வி-சி61, பிஎஸ்எல்வி-சி62 ஆகிய இரண்டு ஏவுதல்களும் தோற்றதன் காரணங்களை ஆராய்ந்த அறிக்கைகளை, பாதுகாப்புத் துறை சார்ந்த பகுதிகளை மட்டும் மறைத்துவிட்டு, மக்கள் முன் வையுங்கள். ககன்யானில் மனிதர்கள் ஏறுவதற்கு முன்னால், இனி எந்தத் தோல்வி நேர்ந்தாலும் இத்தனை நாள்களுக்குள் அறிக்கை வெளிவரும் என்பதை ஒரு விதியாகவே ஆக்குங்கள்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 5.59-க்கு சி61 கிளம்பியபோது என் மகளும் நானும் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு நிலைகளும் சரியாக வேலை செய்தன. மூன்றாம் நிலை திட எரிபொருள் மோட்டாரின் எரி அறையில் அழுத்தம் குறைந்தது. பணியை நிறைவேற்ற முடியவில்லை. நீங்களே கேமரா முன் வந்து அதை அறிவித்தீர்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது, அறிக்கையும் மேலிடத்துக்குச் சென்றது, ஆனால் அது பொதுவெளிக்கு வரவில்லை. எட்டு மாதங்கள் கழித்து, 2026 ஜனவரி 12 அன்று, சி62 அதே மூன்றாம் நிலையின் இறுதிக் கட்டத்தில் தடுமாறிப் பாதையை விட்டு விலகியது. அதில் இஓஎஸ்-என்1 செயற்கைக்கோளுடன் 15 சிறு கலங்களும் சென்றன. அவற்றில் மாணவர்களும் இளம் தொழில்முனைவோரும் செய்தவையும் அடக்கம். முதல் தோல்விக்கும் இரண்டாவதற்கும் ஒரே காரணமா, வெவ்வேறு காரணங்களா என்பது வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் வதந்தி குடியேறிவிடுகிறது. நாசவேலை, சதி என்று கைப்பேசிக்குக் கைப்பேசி காணொளிகள் பரவியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் சோறு உண்ணும் தொழில் முழுவதும் அறிக்கைகளின் மேல்தான் நிற்கிறது. விமான விபத்து விசாரணைகளுக்கு ஓர் உலகப் பொது நெறி உண்டு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு அதை வகுத்திருக்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ யார் தலையிலும் சுமத்துவது அல்ல. முப்பது நாள்களில் முதற்கட்ட அறிக்கை, இயன்றால் பன்னிரண்டு மாதங்களுக்குள் இறுதி அறிக்கை, அந்த இறுதி அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்களைப் பறித்த விபத்தில்கூட, சரியாக ஒரு மாதத்தில் பதினைந்து பக்க முதற்கட்ட அறிக்கை நம் கைக்கு வந்தது. விமானி அறை உரையாடலை முழுமையாகத் தராமல் ஒரு வரியாகச் சுருக்கியதால் அந்த அறிக்கை கடுமையான விமரிசனத்துக்கும் ஊகங்களுக்கும் ஆளானது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், பாதி சொல்வதும் ஆபத்து என்பதுதான். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பது அல்ல.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டதை இன்றைய இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட 15,000 அடி உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது. எதிரே 14,000 அடியில் மற்றது வந்தது. அந்த விசாரணையின் முடிவுகள் பூட்டி வைக்கப்படவில்லை. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி நம் வான்வெளியில் கட்டாயமாக்கப்பட்டது. டெல்லிக்கு வரும் பாதையும் புறப்படும் பாதையும் பிரிக்கப்பட்டன. இன்று என் ஹேங்கருக்கு வரும் விமானங்களில் அந்தக் கருவியைச் சோதித்துக் கையெழுத்திடும்போதெல்லாம், அந்த 349 பேரின் மரணத்திலிருந்து வந்த வேலை இது என்ற நினைப்பு எனக்கு வரும்.

இன்னும் சிறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஹேங்கரில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் வடிவத்திலேயே நிழல் வரைந்திருப்போம். ஷிப்டு முடியும்போது ஒரு நிழல் காலியாக இருந்தால் விமானம் நகராது. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பத்து மில்லிமீட்டர் சாக்கெட்டின் நிழல் காலியாகக் கிடந்தது. எடுத்தவன் நான்தான். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னபோது கால்கள் நடுங்கின. அவர் குரலை உயர்த்தவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து இறக்கையின் ஒவ்வொரு பேனலாகத் திறந்தார். நான்கு மணி நேரம் தாமதம். சாக்கெட், மடக்கு இறகை இயக்கும் தண்டுக்கு அரை சாண் தள்ளிக் கிடந்தது. மறுநாள் அவர் அந்தச் சம்பவத்தை என் பெயரை எழுதாமல், நடந்தது நடந்தபடி எழுதி, எல்லா ஷிப்டுகளுக்கும் வாசிக்கக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த ஹேங்கரில் கருவி தொலைந்ததை எவரும் மறைத்ததாக எனக்கு நினைவில்லை. தவறைச் சொன்னவன் தண்டிக்கப்படவில்லை என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

விண்வெளிப் பயணத்தில் இதே உண்மை பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டது. 1986 ஜனவரி 28 அன்று நாசாவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 வினாடிகளில் உடைந்து சிதறி ஏழு பேர் இறந்தனர். பக்கவாட்டு ராக்கெட் மோட்டாரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்று அந்த மோட்டாரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவு எச்சரித்திருந்தார்கள். அது உலகுக்கு முழுமையாகத் தெரிந்தது, விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் குழுவின் விசாரணையாலும், நான்கு மாதங்களுக்குச் சற்றுப் பின் வெளியான அதன் அறிக்கையாலும்தான். விபத்து நேரும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகம் நம்பிக்கொண்டிருந்தபோது, பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்று கருதிக்கொண்டிருந்ததை அந்த அறிக்கையின் பின்னிணைப்பில் குழு உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதி வைத்தார். கர்னாலில் பிறந்த நம் கல்பனா சாவ்லாவை 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓட விபத்தில் இழந்தோம். கொலம்பியா கிளம்பியபோது நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது மறுநாளே தெரிந்திருந்தது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டும் அது நடக்கவில்லை. அந்த விபத்தில் நுரைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று விசாரணைக் குழு வெளிப்படையாக எழுதியது. தன்னைப் பற்றி இப்படி எழுதப்பட்டதை அச்சில் வெளிவர விட்டது ஓர் அரசு அமைப்பு. மெட்சாட் செயற்கைக்கோளுக்கு நாம் கல்பனாவின் பெயரைச் சூட்டினோம்; நல்லது. அவரைக் கொன்ற காரணங்களை நாம் படிக்க முடிந்தது அந்த அறிக்கையால்.

இந்த இடத்தில் திரைப்படங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ராக்கெட் என்றால் மக்கள் மனத்தில் எழும் சித்திரத்தை வரைந்தது பெரும்பாலும் சினிமாதான். பத்து, ஒன்பது, எட்டு என்று கீழிறங்கி எண்ணும் வழக்கமே 1929-இல் பிரிட்ஸ் லாங் எடுத்த ஜெர்மானிய மௌனப் படத்தால் பரவியது. அது அழகான கொடை. என் மகளோடு சேர்ந்து நானும் உரக்க எண்ணுகிறேன். ஆனால் நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்துத் திரும்பிய அப்போலோ 13 பயணத்தைப் பற்றி 1995-இல் வந்த ஹாலிவுட் படம் இன்னொன்றையும் தந்தது: 'தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை' என்ற பொருளில், தரைக் கட்டுப்பாட்டு அறையின் பயண இயக்குநர் ஜீன் கிரான்ஸ் பேசும் வசனம். 1970-இல் அவர் அப்படிச் சொல்லவில்லை. படத்துக்காக எழுதப்பட்ட வரி அது. இன்று அது பனியன்களிலும் அலுவலகச் சுவர்களிலும் இருக்கிறது. நம் திரைப்படங்களிலும் தொலைக்காட்சிகளிலும் விஞ்ஞானி என்பவர் ஒருபோதும் தோற்காத வீரர், கடைசிக் காட்சியில் கைதட்டல், தேசியக் கொடி. அந்தச் சித்திரத்துக்குப் பழகிய மக்களிடம் தோல்வியை விளக்குவது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. அதற்காகவே விளக்க வேண்டும் என்கிறேன்.

உண்மையான அப்போலோ 13-இன் அறிக்கை அந்தப் படத்தைவிடச் சுவையானது என்பது என் கருத்து. ஆக்சிஜன் தொட்டியின் சூடேற்றியில் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டு சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏவுதளத்தில் கொடுக்கப்பட்ட மின்சாரமோ 65 வோல்ட். சோதனையின்போது தொட்டி காலியாகாததால் பல மணி நேரம் சூடேற்றியை ஓட விட்டார்கள். சுவிட்சுகள் உருகி ஒட்டிக்கொண்டன. உள்ளே வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அங்கே நின்ற தொழில்நுட்பரின் எதிரே இருந்த மானியின் அளவுகோலோ 27 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. முள் கோடியில் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் காட்ட அதற்கு இடமில்லை. ஒரு பராமரிப்புக்காரனாக, அந்த மானியின் முன் நான் நின்றிருந்தால் எனக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்பதை அந்தப் பக்கத்தைப் படித்த இரவில் உணர்ந்தேன். விபத்து நடந்த இரண்டே மாதங்களில் இத்தனையும் அச்சாகியிருந்தது.

இஸ்ரோவுக்கு இது புதிய பாடம் அல்ல. 1979-இல் எஸ்எல்வி-3 வங்கக் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் அவர்களைப் பின்னிருத்தி, தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றார். 2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றபோது, திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் ஏற்பட்ட கசிவால் அழுத்தம் குறைந்து கிரையோஜெனிக் எஞ்சின் எரியவில்லை என்று சில மாதங்களில் சொன்னீர்கள். 2022-இல் எஸ்எஸ்எல்வி-டி1 தோற்றபோது, இரண்டாம் நிலை பிரிந்த அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவீடுகள் எல்லை மீறியதையும், அதைக் கருவிக் கோளாறு என்று கணினி தவறாக எடுத்துக்கொண்டதையும் விளக்கினீர்கள். ஆறே மாதத்தில் டி2 வென்றது. என் நோட்டில் அந்த இரு வரிகளுக்கும் ஐந்தாவது கட்டம் நிரம்பியிருக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கு கலம் மோதியதன் காரணத்தைக் கண்டறிந்த நிபுணர் குழுவுக்கு நீங்களே தலைமை வகித்தீர்கள். எதனால் தோற்கக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்து வடிவமைத்ததால்தான் சந்திரயான்-3 இறங்கியது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இரகசியம் காக்க வேண்டிய செய்திகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. திட எரிபொருள் மோட்டார் ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்கு நெருங்கிய உறவு. சுமந்து சென்ற செயற்கைக்கோள்களும் நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடையவை. எரிபொருளின் கலவையையோ கேமராவின் நுட்பத்தையோ எவரும் கேட்கவில்லை. எந்தப் பாகம், எந்தச் சோதனையில் தப்பியது, யாருடைய ஐயம் கேட்கப்பட்டது அல்லது கேட்கப்படவில்லை, என்ன மாற்றப்பட்டது என்பவை மட்டும் போதும். பணம் கட்டிக் கலத்தை ஒப்படைக்கும் வாடிக்கையாளருக்கும் அவைதான் தேவை.

2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவைச் சுமக்கவிருந்த அமெரிக்க ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு தென்பட்டபோது, அது முழுமையாகச் சரிசெய்யப்பட்ட பிறகுதான் பயணம் என்று இஸ்ரோ குழு வலியுறுத்தியதை நீங்களே பெருமையோடு எடுத்துச் சொன்னீர்கள். எனக்கும் அது பெருமையே. அயல்நாட்டு ராக்கெட்டைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்விகளை நம் ராக்கெட்டைப் பற்றி நம் மக்கள் கேட்கும்போதும் அதே அளவுக்கு விடை கிடைக்க வேண்டும். ககன்யானைச் சுமக்கப்போவது எல்விஎம்3, அதில் பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாகங்களைச் சோதித்துக் கையெழுத்திடும் முறையும், ஏவலாம் என்று ஒப்புதல் தரும் குழுக்களும், ஐயத்தைச் சொல்லும் இளம் பொறியாளருக்கு அந்த அறையில் கிடைக்கும் இடமும் ராக்கெட்டுக்கு ராக்கெட் மாறுபவை அல்ல. ககன்யானுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் இதே சென்னையில் பிறந்தவர். அவருடைய வீட்டாருக்கும் மற்ற மூவரின் வீட்டாருக்கும் அந்த அறிக்கைகளைப் படிக்கும் உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன்.

சி61, சி62 இரண்டுக்கும் என் நோட்டில் நான்கு கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஐந்தாவது கட்டத்துக்குப் பென்சிலால் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பும் வரிகளைப் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.