சந்தாதாரர் எண்ணிக்கை எதைக் குறிக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளுள் எது முன்னணியில் நிற்கிறது என்பதைச் சந்தாதாரர் எண்ணிக்கையைக் கொண்டே முடிவு செய்யும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. 1999இல் வெளியான எவர்குவெஸ்ட் தன் உச்சத்தில் சில லட்சம் பேரை எட்டியதே அன்று பெருஞ்சாதனையாகக் கருதப்பட்டது. 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010இல் 1.2 கோடியைத் தொட்டது. அந்தக் கணக்கில் மாதச் சந்தா கட்டியவர்கள் மட்டுமன்றி, இணைய மையங்களில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடியவர்களும் அடங்குவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போட்டிக்கு வந்தவை பட்ட பாடு பெரிது. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பரில் வெளியாகிச் சில நாள்களிலேயே 10 லட்சம் பேரை ஈர்த்தும், ஓராண்டுக்குள் இலவசமாக ஆடும் முறைக்கு இறங்கி வந்தது. 2010இல் தோற்ற ஃபைனல் ஃபேன்டசி 14, 2013இல் புதிதாக உருவாக்கப்பட்டு மாதச் சந்தாவுடனேயே நிலைபெற்றது. குறையை ஒப்புக்கொண்டு திருத்திய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வார்கிராஃப்டின் எண்ணிக்கை 55 லட்சமாகச் சரிந்த 2015இல், அதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் இனிக் கணக்கு வெளியிடுவதில்லை என அறிவித்தது. பல ஆண்டுகள் பணமும் நேரமும் செலவிட்ட ஆட்டக்காரர்களுக்கு அது வருத்தம் தரும் முடிவு. இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, பதிவு செய்தவர்கள், பணம் கட்டுபவர்கள், அன்றாடம் ஆடுபவர்கள் ஆகிய மூவரில் யாரைக் குறிக்கும் எண் அது என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்